தகரத்துச் செம்பருத்தி

சென்ற வருஷம் ஒரு சனிக்கிழமை, நுவரெலியாவுக்குப் போகிற வழியில் ஒரு பூச்செடிக் கடை முன்னால் நின்று திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தேன். கடைக்கார அம்மா நல்லவர். தோட்டம் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, வெயில் எத்தனை மணிக்கு விழுந்து எத்தனை மணிக்குப் போகும், காற்று பலமா, மண் களியா சரளையா என்று டாக்டர் மாதிரி விசாரித்தார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில், சிங்கள வாடை அடிக்கிற தமிழில், "மிஸ்ஸுக்கு ஒரு தடவை பூத்து முடியிறது வேணுமா, அங்கேயே நிக்கிறது வேணுமா?" என்றார். அதற்குத்தான் எனக்கு வாய் வரவில்லை.

சிரிக்காதீர்கள். நான் விஞ்ஞான ஆசிரியை. கரும்பலகைக்கு நடுவே ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் ஓராண்டுத் தாவரம், அந்தப் பக்கம் பல்லாண்டுத் தாவரம் என்று இருபது வருஷத்துக்கு மேலாக எழுதி அழித்துக்கொண்டிருப்பவள். பிள்ளைகள் அந்தக் கேள்விக்கு முழித்தால் கோபம்கூட வரும். அன்று கடைக்கார அம்மாவுக்கு என் மீது கோபம் வராதது அவருடைய பெருந்தன்மை.

பூச்செடி அம்மாவுக்காக. உடப்புசல்லாவைப் பக்கத்தில் தேயிலைத் தோட்டமொன்றில் எங்கள் பழைய லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள், இருந்த மலையில் வெடிப்பு விட்டுவிட்டது என்று சொல்லி, அங்கிருந்த குடும்பங்களுக்கு எதிர்ச் சரிவில் ஏழு பேர்ச் அளவில் ஒரு துண்டுக் காணியும் தனி வீடும் கொடுத்திருந்தார்கள். வீடு நல்ல வீடு. சுவர் நம்முடையது, பக்கத்து வீட்டுக்காரர் இருமினால் நமக்குக் கேட்காது. ஆனால் மலையை வெட்டிச் சமப்படுத்திய இடம் என்பதால் ஒரு புல்பூண்டு கிடையாது. காலை ஆறரைக்கு வெயில் வாசலில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்கும். நுவரெலியா மாவட்டம் என்றாலே பனியும் குளிரும் என்று கொழும்பில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உடப்புசல்லாவைப் பக்கம் வறண்ட காற்று அடிக்கிற மாதங்களில் வந்து பார்க்கவேண்டும். உதடு வெடித்துவிடும்.

அந்த விஷயம் எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும், அதற்கு முந்தின மாதம் பந்தாவாக நான்கு ஹைட்ரேஞ்சியாச் செடியும் இரண்டு பிகோனியாவும் வாங்கிக்கொண்டு போய் அம்மாவின் வாசலில் வைத்தேன். நான் இப்போது இருக்கிற டவுனில் எல்லார் வீட்டிலும் அவை நீலமும் வெள்ளையுமாகக் குலுங்குகின்றன. அம்மா வீட்டு வெயிலில் ஒரே வாரத்தில் பொரித்த அப்பளம் மாதிரி ஆகிவிட்டன. அம்மா காய்ந்ததைப் பிடுங்கி ஒரு மூலையில் போட்டார். அடுத்த தடவை வரும்போது விதை மட்டும் கொண்டு வா என்றார். செண்டுப்பூ, ஜீனியா, கோழிக்கொண்டை, வாடாமல்லி, காசித்தும்பை. வேர் விட்டு நிற்கிற எதுவும் வேண்டாம். இதை இரண்டு தடவை சொன்னார்.

அதனால் விதையை வாங்கிக்கொண்டு வந்திருக்கவேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். விதைப் பொட்டலங்கள் ஏற்கனவே என் கையில்தான் இருந்தன. கடைக்கார அம்மா செடிகளுக்குத் தண்ணீர் தெளித்திருந்தார். கறுப்புப் பைகளிலிருந்து நனைந்த மண்ணும் நனைந்த தகரமும் கலந்த மாதிரி ஒரு வாசனை வந்தது. பார்த்தால், மூலையில் நாலைந்து செடிகள் துருப்பிடித்த எண்ணெய்த் தகரங்களில் நின்றன. அந்த வாசனைதான் என்னை நாற்பது வருஷம் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

எங்கள் லயத்தில் வீட்டுக்கு முன்னால் இஸ்தோப்பு என்கிற ஒரு சின்னத் திண்ணை, அதற்கு முன்னால் நாலடி அகல மண், அப்புறம் கழிவுத் தண்ணீர் ஓடுகிற கான். அந்த நாலடியில் என்ன வைக்கலாம் என்பதற்கு எங்கள் தோட்டத்தில் ஒரு சட்டம் இருந்தது. யாரும் எழுதி ஒட்டியதில்லை, எல்லோருக்கும் தெரியும். கீரை வைக்கலாம். போஞ்சிக் கொடி வைக்கலாம். பூவென்றால் ஒரு பருவம் பூத்துக் காய்ந்து போகிற பூ வைக்கலாம். வருஷக்கணக்கில் வேர்பிடித்து நிற்கிற எதையும் வைக்கக்கூடாது. ஏன் என்று நான் ஒரு தடவை அப்பாவிடம் கேட்டேன். "மரம் வச்சா மண்ணும் எங்களுதுன்னு சொல்லிருவோமாம்" என்று சொல்லிவிட்டுக் கத்தியைத் தீட்டப் போய்விட்டார்.

அதனால் எங்கள் லயத்துப் பெண்கள் ஓராண்டுத் தாவரங்களில் பெரிய கெட்டிக்காரிகள். எந்த விதையை எப்போது போட்டால் தீபாவளிக்குப் பூக்கும், எது பொங்கலுக்கு ஆகும், எது வெயில் தாங்கும், எதற்கு வேரடியில் சருகு போடவேண்டும் என்றெல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தார்கள். ஜீனியாவுக்கு இலையில் தண்ணீர் படக்கூடாது, சாம்பல் பூத்துவிடும். கோழிக்கொண்டைக்கு உரம் கொடுத்தால் இலைதான் வரும், கொண்டை வராது. வாடாமல்லியை மறந்துவிட்டால்கூடப் பூக்கும். பிற்பாடு சர்வகலாசாலையில் நான் புத்தகம் புரட்டிப் படித்த பாதி விஷயம் அங்கே கான் ஓரத்தில் பேசிக்கொண்டிருந்ததுதான்.

பெரியம்மா, அதாவது அம்மாவின் அக்கா, வாழ்க்கைப்பட்டது வட்டகொடைப் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்கு. அவர்கள் குடும்பத்தை இந்தியாவுக்கே திருப்பி அனுப்புகிற அரசாங்க எழுத்து வந்துவிட்டது. போவதற்கு முந்தின வாரம் ரயிலும் பஸ்ஸும் மாறி எங்களைப் பார்க்க வந்தார். மடியில் ஒரு பால்மா டின், அதில் ஒரு முழ உயரத்தில் செம்பருத்தி. சாதாரணச் செம்பருத்திதான், ஐந்து இதழ், ரத்தச் சிவப்பு. கப்பலில் மண் கொண்டுபோக விடமாட்டார்களாம். "நீ வச்சுக்க. என் பேரச் சொல்லித் தண்ணி ஊத்து" என்று அம்மாவிடம் கொடுத்தார். இரண்டு பேரும் அழுததாக நினைவில்லை. பெரியம்மா எங்கள் வீட்டில் சாப்பிட்டார், தலையில் பேன் பார்த்துக்கொண்டார்கள், சாயங்கால பஸ்ஸில் போய்விட்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவரை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

செடி பால்மா டின்னில் ஆறு மாதம் உயிரைப் பிடித்துக்கொண்டு நின்றது. வேர் டின்னைச் சுற்றிச் சுற்றி முறுக்கிக்கொண்டு, மொட்டு விடும், மொட்டு உதிரும். மண்ணில் வைத்தால்தான் பிழைக்கும் என்று அம்மாவுக்குத் தெரியும். மண்ணில் வைத்தால் கண்டாக்கு ஐயா பிடுங்கச் சொல்வார் என்றும் தெரியும். கண்டாக்கு என்றால் தோட்ட வேலைகளை மேற்பார்க்கிற உத்தியோகத்தர். வாரத்துக்கு ஒரு தடவை லயங்களைச் சுற்றி வருவார்.

அப்பா அதிகம் பேசாதவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கிருந்தோ ஒரு பெரிய மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கொண்டுவந்து அதன் அடியை வட்டமாக வெட்டி எடுத்துவிட்டார். வாசல் ஓரத்தில் ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணைக் கிளறி, அதன் மேல் அடியில்லாத தகரத்தை வைத்து, செம்பருத்தியை அதற்குள் இறக்கினார். பார்க்கிறவர்களுக்குத் தகரத்தில் இருக்கிற செடி. தகரத்தில் இருந்தால் நட்டது ஆகாது, சொன்ன நேரத்தில் தூக்கிக்கொண்டு போகலாம். கண்டாக்கு ஐயா ஒரு தடவை பிரம்பால் அந்தத் தகரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இரண்டு வருஷத்தில் செடி கூரை உயரம் வந்தது. அம்மா காலையில் பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, போவதற்கு முன்பு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி, "அக்கா" என்று வாய்க்குள் சொல்லுவார். தினமும் நாலைந்து பூ. இந்தியாவிலிருந்து நீலக் காகிதத்தில் கடிதம் வரும். கடைசி வரியில் எப்போதும் செம்பருத்தி பூக்குதா என்று இருக்கும். நான்தான் பதில் எழுதுவேன். பூக்குது, பூக்குது என்று எழுதுவது எனக்கு அலுத்துப்போகும்.

அந்தச் செடியைக் கெடுத்தது நான்தான். இதை இவ்வளவு சுற்றி வளைத்துச் சொல்லவேண்டியதில்லை, ஆனால் நேரே சொல்ல இப்போதும் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது.

எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு டீச்சர் வந்திருந்தார். வெள்ளைச் சேலை, நீளப் பின்னல், குடை. அவர் பேசுகிற தமிழைக் கேட்பதற்காகவே நாங்கள் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போனோம். ஒருநாள் தாவரங்களைப் பற்றிப் பாடம். சில செடி ஒரு வருஷத்தில் பூத்து, காய்த்து, செத்துப்போகும், சில செடி வருஷக்கணக்கில் நிற்கும் என்று விளக்கிவிட்டு, "பிள்ளையள், உங்கட வீட்டில கனகாலம் நிக்கிற செடி ஏதும் இருக்கோ? அது கனகாலம் நிக்கும் எண்டு எப்படிக் கண்டுபிடிப்பியள்?" என்று கேட்டார்.  மற்ற வீட்டு வாசல்களில் எல்லாம் இருந்தது ஓராண்டுத் தாவரம்தான். பின்வரிசையில் ஒருவன் தேயிலை என்றான். டீச்சர் சரி என்றார், ஆனால் அது தோட்டத்துடையது, வீட்டில் இருப்பதைச் சொல்லுங்கோ என்றார்.

எனக்குப் பதில் தெரியும். பதில் தெரிந்தால் சும்மா இருக்க முடியாத பிறவி நான், இன்றைக்கும் அப்படித்தான். எழுந்து நின்று, "எங்க வீட்டுல செம்பருத்தி இருக்கு டீச்சர். தகரத்துக்கு அடி கெடையாது. வேரு மண்ணுக்குள்ள போயிருச்சு, இனி எத்தன வருஷமும் நிக்கும்" என்றேன். டீச்சருக்கு ஒரே சந்தோஷம். கரும்பலகையில் தகரத்தை வரைந்து, அடியில் வேரை வரைந்து, இந்தப் பிள்ளை வடிவாய் அவதானிச்சிருக்கு என்று பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாவது வாங்கில் கண்டாக்கு ஐயாவின் மகள் உட்கார்ந்திருந்தாள். அவளும் அந்தப் படத்தை அழகாகக் கொப்பியில் வரைந்துகொண்டாள். அவள் மேல் ஒரு பிழையும் இல்லை. வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கொப்பியைக் காட்டியிருக்கிறாள், எல்லாப் பிள்ளைகளும் செய்கிறதுதான்.

அந்த ஞாயிறு கண்டாக்கு ஐயா வந்தார். இஸ்தோப்பில் ஏறவில்லை, கானுக்கு அந்தப் பக்கமே நின்றார். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"அந்தத் தகரத்தைத் தூக்கி இந்தப் பக்கம் வை, பாப்போம்."

"கனமா இருக்குங்கய்யா."

"தூக்கு."

அம்மா குனிந்து இரண்டு கையாலும் தகரத்தைப் பிடித்தார். தூக்குகிற மாதிரி முதுகை வளைத்தார். எனக்கு அந்த நிமிஷம்தான் எல்லாம் விளங்கியது. அம்மா நிமிர்ந்து, கண்டாக்கு ஐயாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. யார் சொன்னது என்று தெரிந்துகொண்ட பார்வை, அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குப் பதிலாக இரண்டு அறை கொடுத்திருந்தால் நான் அதை எப்போதோ மறந்திருப்பேன்.

கண்டாக்கு ஐயாவைக் கொடுமைக்காரர் என்று சொல்லமாட்டேன். தோட்டத்துத் தொரைக்குத் தெரிந்தால் தன் தலைதான் உருளும், ஒருத்தருக்கு விட்டால் இருபது வீட்டுக்கும் விடவேண்டும், அடுத்த ஞாயிறுக்குள் எடுத்துவிடு என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். போகும்போது ஒரு தடவை திரும்பிப் பூவைப் பார்த்தார்.

நான் திங்கட்கிழமை வகுப்பில் அழுதேன். டீச்சர் விசாரித்தார். அன்று சாயங்காலம் குடையைப் பிடித்துக்கொண்டு லயத்துக்கே வந்துவிட்டார். எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் ஒரு டீச்சர் வந்து பெட்டி மேல் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தது அதுதான் முதல் தடவை. "நான் தெரியாமல் கேட்டுப்போட்டன் அம்மா" என்று அம்மாவிடம் சொன்னார். பள்ளிக்கூட வளவு தோட்டத்துக்குச் சொந்தமில்லை, அங்கே நடலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்றார். அம்மா சரிங்க டீச்சர் என்றார். 

அப்பா தகரத்தைப் பிளந்து எடுத்துவிட்டுத் தோண்டினார். வேர் நாங்கள் நினைத்ததைவிட ஆழமாகப் போயிருந்தது. ஒரு கிளை வீட்டுச் சுவருக்கு அடியில் நுழைந்திருந்தது. சுவரைத் தொடக்கூடாது, அது தோட்டத்துச் சுவர். அந்த இடத்தில் பெரிய வேர் அறுந்தது. சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூட வாசலில் நட்டோம். அம்மா தன் கையாலேயே எல்லா மொட்டையும் கிள்ளிப் போட்டார். பாரம் குறைந்தால் பிழைக்கும் என்று ஒரு நம்பிக்கை. அது காற்று மாதம். டீச்சர் தன் குடையைக்கூட அதன் மேல் விரித்துக் கட்டி வைத்தார். மூன்று வாரம் இருந்தது.

அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போகிற வழி பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான். தினமும் கூடையோடு நின்று பார்த்துவிட்டுப் போவார். ஒருநாள் நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தார். உள்ளே பச்சை இல்லை. சாயங்காலம் திரும்பி வரும்போது குச்சியைப் பிடுங்கி விறகோடு சேர்த்துத் தலையில் வைத்துக்கொண்டு வந்து அடுப்புப் பக்கத்தில் போட்டார்.

அடுத்த கடிதம் வந்தது. கடைசி வரியில் வழக்கமான கேள்வி. நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தேன். அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

"பூக்குதுன்னு எழுது."

எழுதினேன். அதற்குப் பிறகு அங்கிருந்து கடிதம் வரவில்லை. விலாசம் மாறிவிட்டதோ, ஆளே இல்லையோ, தெரியாது. அந்தப் பொய்தான் பெரியம்மாவுக்கு நாங்கள் எழுதிய கடைசி வார்த்தை. அதை நினைத்தால் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது. பொய் சொன்னதற்காக இல்லை, அந்தப் பொய்யைச் சொல்ல வைத்தது என் சரியான விடை என்பதற்காக.

அம்மா அதற்குப் பிறகு வேர்பிடித்து நிற்கிற எதையும் தொடவில்லை. அந்த நாலடி மண்ணில் ஓராண்டுப் பூக்களை நெருக்கி நெருக்கிப் போட்டார். லயத்திலேயே எங்கள் வாசல்தான் பளிச்சென்று இருக்கும். கண்டாக்கு ஐயாவின் வீட்டிலிருந்துகூடப் பூசைக்குச் செண்டுப்பூ கேட்டு ஆள் வரும், அம்மா முகம் சுளிக்காமல் பறித்துக் கொடுப்பார். விதைகளைப் பெரியம்மாவின் நீலக் கடிதங்களில் மடித்து, கூரைக் கம்பில் செருகி வைத்திருப்பார். ஜீனியா ஒரு கடிதத்தில், கோழிக்கொண்டை ஒரு கடிதத்தில்.

இவ்வளவும் அந்தக் கடை முன்னால் நின்று நினைத்தேன் என்றால் நம்பமாட்டீர்கள். கடைக்கார அம்மா மறுபடியும் கேட்டார். சாதாரணச் சிவப்புச் செம்பருத்தி இருக்கிறதா என்றேன். மஞ்சள் இருக்கிறது, அடுக்கு ரோஸ் இருக்கிறது, அந்தப் பழைய சிவப்பை இப்போது யாரும் கேட்பதில்லை என்றார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு பின்பக்கம் போய், வேலியோரத்தில் தானாக வேர்பிடித்து நின்ற ஒன்றை மண்ணோடு பெயர்த்துப் பையில் போட்டுக் கொண்டுவந்தார். வெயிலுக்கு இதைவிட நல்ல சாதி இல்லை, முதல் மாதம் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள், அப்புறம் அது உங்களைக் கேட்காது என்றார்.

பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனேன். அம்மா வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். விதைப் பொட்டலங்களை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். செடியை வெகுநேரம் பார்த்தார்.

"காணிப் பேப்பர் குடுத்துட்டாங்களா?"

"இன்னும் இல்லம்மா. குடுப்பாங்க."

அம்மா முறத்தை வைத்துவிட்டு எழுந்து வீட்டுக்குப் பின்னால் போனார். வேண்டாம் என்று சொல்லப்போகிறார், செடியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கவேண்டியதுதான் என்று நினைத்தேன். ஒரு பழைய பெயின்ட் வாளியோடு திரும்பி வந்தார். வெள்ளை பிளாஸ்டிக் வாளி, வீடு கட்டியவர்கள் விட்டுப்போனது. ஆக, இங்கேயும் வாளிதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. சொந்த வீட்டு வாசலில்கூட அம்மாவால் ஒரு செடியை மண்ணில் வைக்க முடியவில்லையே என்று.

அம்மா வாளியை என் கையில் கொடுத்தார். வாங்கிப் பார்த்தேன். அதற்கு அடி இல்லை. அரிவாளால் வட்டமாக அறுத்து எடுத்திருந்தது. அறுத்த விளிம்பில் அழுக்கேறியிருந்தது, இன்று நேற்று அறுத்ததல்ல. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே அதை வெட்டி வைத்துவிட்டு, வேர் விட்டு நிற்கிற எதுவும் வேண்டாம் என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

இரண்டு பேருமாக நட்டோம். அம்மா ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினார். வாய்க்குள் என்னவோ சொன்னார்.

அம்மா வீட்டிலிருந்து பார்த்தால் எதிர்ச் சரிவில் இப்போது எங்கள் லயம் இல்லை. தகரக் கூரையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், சுவர் இடிந்து மானாப் புல் மூடிவிட்டது. கானின் கல் மட்டும் வரிசையாகத் தெரிகிறது. கண்டாக்கு ஐயா காலமாகி வெகுகாலம் ஆகிறது. டீச்சர் ஊருக்கு மாற்றலாகிப் போனதோடு சரி. அடுப்புப் புகையேறிய நீலக் கடிதங்கள் வீடு மாறிய நாளில் எங்கோ தவறிவிட்டன. அவற்றோடு பெரியம்மாவின் கடைசி விலாசமும் போயிற்று.

நான் மாதத்துக்கு ஒரு தடவையாவது அம்மாவைப் பார்க்கப் போகிறேன். ஜீனியா ஒரு சுற்றுப் பூத்து முடிந்து, அம்மா விதை எடுத்து, மறுபடியும் போட்டுவிட்டார். செம்பருத்தி என் இடுப்பு உயரத்துக்கு வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும், அம்மா பார்க்காத நேரமாகப் பார்த்து, குனிந்து அந்த வாளியை இரண்டு கையாலும் பிடித்து லேசாகத் தூக்கிப் பார்ப்பேன். முதலிலெல்லாம் ஆடும். போன வாரம் அது அசையவில்லை.